கிளாஸ்பி அம்மா மேல் மட்டும் ஏன் பழி?

வளைகுடாப் போர் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் பத்தாவது நிமிஷத்தில் ஒருத்தர் இதைச் சொல்லாமல் போகமாட்டார். "உங்களுக்குத் தெரியுமா, சதாம் குவைத்துக்குள்ள போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி அமெரிக்கத் தூதர் ஒரு பொம்பளை போய் பச்சைக்கொடி காட்டிட்டு வந்தாங்க!"

இதில் அமெரிக்க எதிர்ப்பாளர், அமெரிக்க ஆதரவாளர் என்ற பேதமே கிடையாது. எதிர்ப்பாளருக்கு அது திட்டம் போட்டு விரித்த வலை. ஆதரவாளருக்கு அது ஒரு அதிகாரியின் வாய்த் தவறு, மற்றபடி வாஷிங்டன் சுத்தத் தங்கம். ரெண்டு பேருக்குமே ஏப்ரல் கிளாஸ்பி தேவைப்படுகிறார்.

என்னைக் கேட்டால் ரெண்டுமே கதை. பச்சைக்கொடி காட்டப்பட்டது உண்மை. ஆனால் அது 1990 ஜூலையில் காட்டப்பட்டது இல்லை, காட்டியது கிளாஸ்பியும் இல்லை. கொடி பிடித்த பெரிய மனுஷங்க எல்லாம் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டார்கள். (பதிவு கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.)

முதலில் அந்தச் சந்திப்பைப் பார்த்துவிடுவோம்.

1990 ஜூலை 25. பாக்தாதில் கிளாஸ்பிக்குத் திடீர் அழைப்பு. அரபி நன்றாகப் பேசத் தெரிந்தவர், ஒரு அரபு நாட்டுக்கு அமெரிக்கா அனுப்பிய முதல் பெண் தூதர். ஆனால் அதுவரை சதாம் அவரைத் தனியாகச் சந்தித்ததே இல்லை. வாஷிங்டனிடம் கேட்டுக்கொண்டு போக நேரமும் கிடையாது. போய் உட்கார்ந்தால் சதாம் புலம்பித் தீர்க்கிறார். எட்டு வருஷம் ஈரானோடு சண்டை போட்டு நாடு கடனில் மூழ்கிக் கிடக்கிறது, குவைத்தும் எமிரேட்ஸும் ஒதுக்கீட்டுக்கு மேல் எண்ணெய் எடுத்து விலையைச் சரிக்கின்றன, ருமைலா வயலில் எங்கள் எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சுகிறான் குவைத்காரன்... இப்படி. எல்லையில் அவருடைய குடியரசுக் காவல்படை ஏற்கெனவே குவிந்து நிற்கிறது.

கிளாஸ்பி சொன்னதில் ஊரறிந்த வரியின் சாரம் இது: உங்கள் எல்லைத் தகராறு மாதிரி அரபு நாடுகளுக்குள் நடக்கும் விவகாரங்களில் எங்களுக்குக் கருத்து இல்லை. கூடவே, இந்தப் படைக் குவிப்புக்கு என்ன அர்த்தம் என்றும் கேட்டார், பிரச்னையை அமைதியாகத் தீர்க்க வேண்டும் என்றும் சொன்னார். நடுவில் எகிப்து அதிபர் முபாரக்கிடமிருந்து போன். பேசிவிட்டு வந்த சதாம், குவைத்தோடு பேச்சுவார்த்தை நடக்கும், அதுவரை ஒன்றும் ஆகாது என்கிறார். கிளாஸ்பி அதை நம்பி வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்புகிறார். ஆகஸ்ட் 2 அதிகாலை ஈராக் ராணுவம் குவைத்துக்குள்.

செப்டம்பரில் ஈராக் தரப்பு உரையாடல் அறிக்கை பத்திரிகைகளில் வந்தது. அன்றிலிருந்து அம்மாவுக்குச் சனி.

சரி, அவர் சொன்னது அவருடைய சொந்தக் கருத்தா? இல்லவே இல்லை. முந்தின நாள், ஜூலை 24-ல், வெளியுறவுத் துறைப் பேச்சாளர் மார்கரெட் டட்வைலர், குவைத்தோடு எங்களுக்குப் பாதுகாப்பு ஒப்பந்தம் எதுவும் இல்லை என்று நிருபர்களிடமே சொல்லிவிட்டார். ஜூலை 28-ல் பெரிய புஷ் சதாமுக்கு அனுப்பிய செய்தியில் நல்லுறவு வேண்டும் என்ற இனிப்புதான் அதிகம். ஜூலை 31-ல், அதாவது படையெடுப்புக்கு ரெண்டு நாள் முன்னால், உதவிச் செயலர் ஜான் கெல்லியை நாடாளுமன்றக் குழுவில் லீ ஹாமில்டன் குடைந்து குடைந்து கேட்கிறார். ஈராக் எல்லை தாண்டினால் நம் படையை இறக்க வேண்டிய ஒப்பந்தக் கடமை உண்டா? இல்லை என்பதுதான் பதில்.

பேச்சாளர், உதவிச் செயலர், அதிபர் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடியிருக்கிறார்கள். மாட்டியது மட்டும் பாக்தாதில் இருந்தவர்.

கிளாஸ்பி ஒன்றும் தியாகி இல்லை. 1991 மார்ச்சில் செனட் குழு முன்னால், சதாமைக் கடுமையாக எச்சரித்தேன், ஈராக் அறிக்கை வெட்டி ஒட்டப்பட்டது என்று சாட்சி சொன்னார். பின்னால் அவர் அனுப்பிய தந்தியைப் பார்த்த செனட்டர்கள், இதில் அந்தக் கடுமையைக் காணோமே என்று கோபப்பட்டார்கள். (அந்தத் தந்தி இப்போது வெளியே கிடைக்கிறது. 2011-ல் விக்கிலீக்ஸிலும் வந்தது. படித்துப் பாருங்கள், எச்சரிக்கையை விடக் குசலம் விசாரிப்பதுதான் அதிகம்.) ஆனால் குசலம் விசாரிக்கச் சொல்லித்தானே அவரை அங்கே அனுப்பினார்கள்? அவருடைய மேலதிகாரி ஜேம்ஸ் பேக்கர் என்ன செய்தார்? என் பெயரில் ஆயிரக்கணக்கில் தந்தி போகும், ஒவ்வொன்றுக்கும் நான் பொறுப்பா என்கிற தோரணையில் டிவியில் நழுவிவிட்டார்.

இப்போது 1983-க்குப் போகணும். அங்கேதான் கொடியே தைக்கப்பட்டது.

1980 செப்டம்பர் 22-ல் சதாம் ஈரானுக்குள் படையை அனுப்பினார். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தார், முடியவில்லை. 1982-ல் ஈரான் திருப்பி அடிக்க ஆரம்பித்தது. கொமேனி ஜெயித்துவிட்டால் வளைகுடா எண்ணெய் என்னாவது என்று வாஷிங்டனுக்கு உதறல். 1982-ன் தொடக்கத்திலேயே பயங்கரவாத ஆதரவு நாடுகள் பட்டியலிலிருந்து ஈராக்கை எடுத்துவிட்டார்கள். 1967 போருக்குப் பிறகு இரு நாடுகளுக்கும் தூதரக உறவே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

1983 நவம்பர் 1. வெளியுறவுச் செயலர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ் மேசைக்கு ஒரு குறிப்பு போகிறது. ஈராக் கிட்டத்தட்ட தினமும் ரசாயன ஆயுதம் பயன்படுத்துகிறது என்று அதில் இருக்கிறது. அதே மாதம் 26-ம் தேதி ரீகன் ஒரு பாதுகாப்புக் கொள்கை உத்தரவில் கையெழுத்துப் போடுகிறார். வளைகுடா எண்ணெய்ப் போக்குவரத்தைக் காப்பது பற்றி விரிவாக இருக்கிறது. ரசாயன ஆயுதம் பற்றி? ம்ஹூம்.

அடுத்த மாதம், டிசம்பர் 20. ரீகனின் சிறப்புத் தூதராக ஒருத்தர் பாக்தாத் போய் சதாமோடு கை குலுக்குகிறார். அப்போது ஒரு மருந்துக் கம்பெனியின் தலைவர். பெயர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட். அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. ஆனால் வீடியோவை விட முக்கியம் அந்தச் சந்திப்பின் குறிப்பு. சுமார் ஒன்றரை மணி நேரப் பேச்சு. ஈரான், சிரியா, லெபனான் எல்லாம் வருகிறது. ஈராக்கிலிருந்து ஜோர்டானின் அக்கபா துறைமுகத்துக்கு எண்ணெய்க் குழாய் போடும் திட்டம் வருகிறது. (அதைக் கட்டக் காத்திருந்த கம்பெனி பெக்டெல். ஷுல்ட்ஸ் அமைச்சராகும் முன் அதன் தலைவராக இருந்தவர். தற்செயல்னு சொல்றவங்க சொல்லிக்கலாம்.) ரசாயன ஆயுதம் மட்டும் வரவில்லை. தாரிக் அஜிஸோடு நடந்த தனிச் சந்திப்பில், உங்களுக்கு உதவ எங்களுக்கு இருக்கும் தடைகள் என்ற வரிசையில் ஒரு வார்த்தை போகிறபோக்கில் வருகிறது. அவ்வளவுதான்.

2002-ல் இதே ரம்ஸ்ஃபெல்ட் டிவியில், நான் அப்போதே சதாமை எச்சரித்தேன் என்றார். 2003 பிப்ரவரியில், அதாவது ஈராக் மேல் குண்டு விழுவதற்குச் சில வாரங்கள் முன்னால், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசியப் பாதுகாப்பு ஆவணக் காப்பகம் மூலக் குறிப்புகளை வெளியிட்டது. சதாமோடு பேசிய குறிப்பில் எச்சரிக்கையைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்கவில்லை.

1984 மார்ச் 5-ல் அமெரிக்கா வெளிப்படையாக ஈராக்கைக் கண்டித்தது. சரி, திருந்திட்டாங்கன்னு நினைக்கிறீங்களா? அதே மாதக் கடைசியில் ரம்ஸ்ஃபெல்ட் மறுபடியும் பாக்தாதில். ஈரானிய வீரர்கள் மேல் விஷ வாயு வீசப்பட்டதை ஐ.நா. நிபுணர்கள் உறுதி செய்த அறிக்கையும் அப்போதுதான் வந்தது. பாதுகாப்பு சபையும் கண்டித்தது, ஈராக் என்ற பெயரே இல்லாமல்! நவம்பரில் முழுத் தூதரக உறவு மீண்டது.

மௌனம் சம்மதம் என்று நம்ம ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சதாமுக்குத் தெரியாதா?

நல்லா கவனிங்க, ஈராக்குக்கு அதிக ஆயுதம் விற்றது அமெரிக்கா இல்லை. அந்தப் 'பெருமை' சோவியத் யூனியனுக்கும் ஃபிரான்சுக்கும். ரசாயனத் தொழிற்சாலைக்கான சாமான்களில் மேற்கு ஜெர்மனிக் கம்பெனிகளின் கை பெரிசு. அமெரிக்கா கொடுத்தது வேறு மாதிரி. கோதுமையும் அரிசியும் வாங்கக் கடன் உத்தரவாதம், எதிரிப்படை எங்கே நிற்கிறது என்று காட்டும் செயற்கைக்கோள் தகவல், எல்லாவற்றையும் விட மேலாக, யாராவது கேள்வி கேட்டால் பக்கத்தில் நின்று மறைத்துக்கொள்ளும் ஒரு பெரிய முதுகு. 2013-ல் வெளிவந்த சி.ஐ.ஏ. ஆவணங்களையும் பழைய அதிகாரிகளின் பேட்டியையும் வைத்து ஒரு அமெரிக்கப் பத்திரிகை எழுதியது: 1988-ல் அந்தத் தகவல்களைக் கொடுத்தபோது, ஈராக் அங்கே விஷ வாயு அடிக்கும் என்று தெரிந்தேதான் கொடுத்தார்கள்.

இதுக்கு நடுவில் இன்னொரு கூத்து. ஈராக்கைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே 1985, 86-ல் அமெரிக்கா ஈரானுக்கும் ரகசியமாக டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளை விற்றது. ரீகனின் பழைய பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஃபார்லேன் 1986 மே மாதம் பொய்ப் பாஸ்போர்ட்டில், கையில் ஒரு கேக்கோடு, டெஹ்ரானில் போய் இறங்கினார். நான் ஜோக்கடிக்கவில்லை, நிஜமாகவே கேக். நவம்பரில் அல்-ஷிரா என்ற லெபனான் பத்திரிகை போட்டு உடைத்தது. பிள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டி, தொட்டில் கயிற்றுக்கும் காசு வாங்கிய கதை.

சதாம் இதிலிருந்து கற்றது ரெண்டு. ஒன்று, இவனை நம்பக்கூடாது. ரெண்டு, இவனுக்கு நான் தேவை, அதனால் நான் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்வான். முதல் பாடத்தை மறந்து ரெண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டதுதான் 1990-ல் அவர் செய்த தப்பு.

ஆனால் ரெண்டாவதை நம்ப அவருக்குக் காரணம் இருந்தது. 1987 மே 17-ல் ஈராக் விமானம் ஒன்று அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஸ்டார்க் மேல் ரெண்டு எக்ஸோசெட் ஏவுகணை விட்டது. 37 அமெரிக்க மாலுமிகள் செத்தார்கள். ஈராக், தெரியாமல் நடந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டது. ரீகன் ஏற்றுக்கொண்டார். அதோடு விட்டாரா? இதில் உண்மையான வில்லன் ஈரான்தான் என்றார்! மாமியார் உடைத்தால் மண்சட்டி. தன் சொந்த ஆட்கள் 37 பேர் செத்ததையே இப்படி விழுங்கியவர்கள், குவைத் அமீருக்காகச் சண்டைக்கு வருவார்கள் என்று எந்தச் சர்வாதிகாரி நினைப்பான்?

1988 மார்ச் 16, ஹலப்ஜா. குர்து ஊர். விஷ வாயுவில் ஒரே நாளில் சுமார் 5,000 பேர். குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் விழுந்து கிடந்த அந்தப் பெரியவர் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை அப்போது சொன்னது என்ன தெரியுமா? ஈரானும் வாயு அடித்திருக்கலாம். ஐ.நா. தீர்மானமும் இரு தரப்பும் நிறுத்துங்கள் என்று பொதுவாகச் சொல்லி முடித்துக்கொண்டது. அதே வருஷம் அன்ஃபால் என்ற பெயரில் நடந்த வேட்டையில் 50,000-லிருந்து 1,00,000 குர்துகள் வரை கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்கு.

இங்கே ஒரு நல்ல விஷயத்தையும் சொல்லணும். செப்டம்பர் 1988-ல் செனட்டர் க்ளெய்போர்ன் பெல் ஈராக் மேல் தடை விதிக்கும் இனப்படுகொலைத் தடுப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். செனட் ஒருமனதாக நிறைவேற்றியது. அமெரிக்காவில் மனசாட்சியே இல்லை என்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு? ரீகன் அரசு எதிர்த்தது, விவசாய ஏற்றுமதிக்காரர்கள் அலறினார்கள், மசோதா செத்துப்போனது. அடுத்த வருஷம் அக்டோபர் 2-ல் பெரிய புஷ், ஈராக்கோடு இயல்பான உறவு நம் நலனுக்கு நல்லது என்று உத்தரவே போட்டார். அதுவும் எப்போது? ரெண்டு மாசம் முன்னால்தான் ஒரு இத்தாலிய வங்கியின் அட்லாண்டா கிளையில் எஃப்.பி.ஐ. புகுந்து, ஈராக்குக்கு 400 கோடி டாலருக்கு மேல் திருட்டுத்தனமாகக் கடன் போயிருப்பதைக் கண்டுபிடித்திருந்தது.

1990 ஏப்ரலில் பாப் டோல் தலைமையில் செனட்டர்கள் மோசூல் போய் சதாமைப் பார்த்தார்கள். ஆலன் சிம்ப்சன் ஆறுதல் சொல்கிறார்: உங்கள் பிரச்னை எங்கள் அரசாங்கத்தோடு இல்லை, பத்திரிகைக்காரர்களோடுதான். ஹலப்ஜா நடந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது சாமி!

இத்தனைக்கும் பிறகு ஜூலை 25-ல் கிளாஸ்பி சிரித்தாலும் முறைத்தாலும் என்ன வித்தியாசம் வந்திருக்கும்? ஏழு வருஷம் வாசித்த பாட்டின் கடைசி வரி அது. அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, இதுதான் அபஸ்வரம் என்றால் எப்படி? இதனால்தான் 'திட்டமிட்ட வலை' கதையும் எனக்குப் பிடிக்கவில்லை. வலை என்றால் யாரோ யோசித்திருக்க வேண்டும். இங்கே யோசிக்கவே இல்லை. பழக்கதோஷத்தில் தலையாட்டினார்கள்.

இனி பின்னூட்டத்தில் வரப்போகும் ரெண்டு கேள்விகளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

"ராஜதந்திரம்னா அப்படித்தான், எல்லா நாடும் கை குலுக்கத்தான் செய்யும். நம்ம குஜ்ரால் கட்டியே பிடிச்சாரே?" ஆமா, பிடித்தார். 1990 ஆகஸ்டில் வெளியுறவு அமைச்சராக பாக்தாத் போன குஜ்ராலை சதாம் கட்டிப்பிடித்த படத்துக்காக உலகமே திட்டியது. ஆனால் அவர் அங்கே போனது குவைத்தில் மாட்டிக்கொண்ட நம்ம ஆட்களுக்காக. ஏர் இந்தியா அம்மானிலிருந்து 488 நடை பறந்து, ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் ஊர் வந்து சேர்ந்தார்கள். அதில் எத்தனை தமிழ்க் குடும்பம் என்று உங்கள் ஊரிலேயே விசாரித்துப் பாருங்கள். அந்த அணைப்பு கிடைக்கச் செய்தது 1,70,000 உயிர். ரம்ஸ்ஃபெல்டின் கை குலுக்கல் என்ன கொடுத்தது? அக்கபா குழாய்கூடக் கடைசியில் வரவில்லை, சதாம் வேண்டாம் என்றுவிட்டார். கொலைகாரனோடு கை குலுக்குவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. எதற்குக் குலுக்கினாய், குலுக்கும்போது எதைச் சொல்லாமல் விட்டாய், இதுதான் கேள்வி.

"அப்போ சதாம் பாவம், ஏமாந்துட்டார்ங்கறீங்களா?" இல்லை ஐயா! அமெரிக்காவை எதிர்த்தார் என்பதற்காகச் சதாமுக்கு மாலை போடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயு வீசியது அவர் படை. அண்டை நாடு ரெண்டின் மேல் படையெடுத்தது அவர். எண்பதுகளில் அவர் அமெரிக்காவின் எதிரி இல்லை, பங்காளி. மாலை போடுகிறவர்கள் ஹலப்ஜாவில் போய் போடட்டும் பார்ப்போம்.

கடைசியாகக் கணக்கைப் பாருங்கள். 1991 பிப்ரவரி 15-ல் புஷ், ஈராக் மக்களே நீங்களே சதாமைத் தள்ளுங்கள் என்றார். தெற்கே ஷியாக்களும் வடக்கே குர்துகளும் நம்பி எழுந்தார்கள். மார்ச் 3-ல் ஸஃப்வானில் நடந்த போர்நிறுத்தப் பேச்சில் ஈராக் தளபதிகள் ஹெலிகாப்டர் பறக்க அனுமதி கேட்டார்கள், ஷ்வார்ஸ்காஃப் சரி என்றார். அதே ஹெலிகாப்டர்களால் அந்த மக்கள் சுடப்பட்டார்கள். இந்தப் பச்சைக்கொடியைப் பற்றி யாராவது வாய் திறக்கிறார்களா?

2006 டிசம்பர் 30-ல் சதாமைத் தூக்கில் போட்டார்கள். எந்தக் குற்றத்துக்கு? 1982-ல் தொடங்கிய துஜைல் விவகாரத்தில் அந்த ஊர்க்காரர்கள் 148 பேரைக் கொன்றதற்கு. அந்த விவகாரம் தொடங்கியதற்கு அடுத்த வருஷம்தான் ரம்ஸ்ஃபெல்ட் கை குலுக்கினார் என்பது இருக்கட்டும். அன்ஃபால் வழக்கு அப்போது பாதியில் நடந்துகொண்டிருந்தது. அதில் சதாமுக்கு எதிரான குற்றச்சாட்டுகள் அவரோடு சேர்த்துப் புதைக்கப்பட்டன. அவசரம் மாலிக்கி அரசுடையது, கொஞ்சம் பொறுங்கள் என்று அமெரிக்க அதிகாரிகள் கேட்டுப் பார்த்ததாகவும் அப்போதே செய்தி வந்தது. யார் அவசரமாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். விஷ வாயு வழக்கில் சதாமை முழுசாகக் குறுக்கு விசாரணை செய்து, உனக்கு அப்போது யார் யார் துணை என்று கேட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய பதில் வராமலே போனது. குர்துகளுக்கு அந்தத் தீர்ப்பு கடன்பட்டிருந்தது. கொடுக்கப்படவில்லை.

கிளாஸ்பிக்கு அதன் பிறகு தூதர் பதவி கிடைக்கவே இல்லை. கேப் டவுனில் துணைத் தூதரகத் தலைமை அதிகாரியாக இருந்து 2002-ல் ஓய்வு பெற்றார். ரம்ஸ்ஃபெல்ட் 2001-ல் ரெண்டாம் முறை பாதுகாப்பு அமைச்சர் ஆனார், தான் கை குலுக்கிய ஆளிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லிப் படையெடுத்தார், 2021-ல் 88 வயதில் படுக்கையில் இறந்தார்.

அடுத்த தடவை யாராவது "பச்சைக்கொடி" என்று ஆரம்பித்தால் எந்த வருஷக் கொடி என்று மட்டும் கேளுங்கள். 1990 என்றால் இந்தப் பதிவுக்கு அனுப்பிவைங்க.

பி.கு: சதாம் ரசிகர்களும் புஷ் ரசிகர்களும் ஒரே நேரத்தில் திட்ட வரலாம், வரிசையில் வரவும். ஆபாசம் இல்லாத எல்லாப் பின்னூட்டமும் வெளியாகும் :-)